சுண்ணாம்புக் கதவு: யாழ்ப்பாணப் பரவைக்கடலில் ஐந்து நாள்

முதல் நாள்: பண்ணை

மட்டக்களப்பிலிருந்து இரவுப் பேருந்தில் புறப்பட்டு, விடியும் வேளையில் யாழ்ப்பாணத்தில் இறங்கினேன். உடன் கற்பிக்கும் ஆசிரியை ஒருவரின் தாய்வீடு கொழும்புத்துறையில் இருப்பதால் தங்குமிடம் தேடும் வேலை இருக்கவில்லை. உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிக்கத் தொடங்கிப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. மெல்லுடலிகளைப் பற்றிய பாடத்தை அத்தனை தடவை நடத்தியிருந்தும், சிப்பி ஒன்று தான் ஒட்டிய இடத்தில் உயிரோடு இருப்பதை நான் நின்று பார்த்த நேரத்தையெல்லாம் கூட்டினால் ஒரு பாடவேளைகூடத் தேறாது. சூடேறிவரும் கடலைச் சிப்பி எப்படிச் சமாளிக்கிறது, அதனால் எழுந்து ஓட முடியாதே என்று சென்ற தவணையில் ஒரு மாணவி கேட்டாள். நான் சொன்ன மறுமொழி சரியானதுதான். ஆனால் அது புத்தகத்தின் மறுமொழி.

யாழ்ப்பாணத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. பாடநூல்கள் கடல்நீரேரி என்று எழுதுவதை இங்குள்ளவர்கள் பரவைக்கடல் என்கிறார்கள். வாவி என்ற சொல்லோடு வளர்ந்த எனக்கு அந்தப் பெயர் உடனே பிடித்துவிட்டது, ஏனெனில் இது ஆழ்ந்து கிடக்கும் நீரல்ல, பரந்து கிடக்கும் நீர். 400 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட பரப்பிருந்தும் பெரும்பாலான இடங்களில் ஆளுயர ஆழம்கூட இல்லை. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவும் இதில் வந்து விழுவதில்லை. ஐப்பசியில் தொடங்கும் மழை மார்கழியோடு ஓய்ந்துவிட, மற்ற மாதங்களில் வெயில் இதைக் காய்ச்சிக்கொண்டே இருக்கிறது. புரட்டாசி முடியும் இந்த வாரத்தில் நீர் ஆண்டின் உச்ச உப்பை எட்டியிருக்கும். இன்னும் சில வாரங்களில் அதே நீர் மழையால் இளகிப்போகும். கடல் மாறினால் சிப்பிக்கு என்ன ஆகும் என்று ஆய்வுகூடத் தொட்டிகளில் பார்க்கிறார்கள். இங்கே அந்தத் தொட்டியை ஆண்டுதோறும் இயற்கையே ஒரு தடவை காய்ச்சி ஒரு தடவை கரைத்து வைக்கிறது.

பிற்பகல் வற்று நேரத்தில் பண்ணைப் பாலத்தடிக்குப் போனேன். பாலத்துத் தூண்களில், நீர் ஏறி இறங்கும் கோட்டை ஒட்டி, சாம்பல் நிறப் பட்டி ஒன்று ஓடுகிறது. கிட்டப் போனால்தான் அந்தப் பட்டி முழுவதும் சிப்பி என்று தெரியும். இந்தக் கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையில் ஏறத்தாழ ஒரு முழமே வித்தியாசம் என்பதால், இவற்றின் குடியிருப்பும் ஒரு முழ அகலத்துக்குள் அடங்கிவிடுகிறது. அதற்கு மேலே போனால் காய்ந்துவிடும். கீழே போனால் துளைபோடும் நத்தைகளும் நண்டுகளும் விடுவதில்லை. கீழோடு சிமெந்தில் ஒட்டிக் குழிந்திருக்க, மேலோடு மூடிபோல அமர்ந்திருக்கிறது. விளிம்பு, நனைந்து காய்ந்த கடதாசி போல அலையலையாக மடிந்திருக்கிறது.

அந்த விளிம்பை விரலால் தடவிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றியதோ தெரியவில்லை. சவர அலகு போல வெட்டிவிட்டது. பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த முதியவர், "கடல் தண்ணியிலை கழுவு பிள்ளை, ஆறிடும்" என்றார். அன்போடு சொன்னதுதான், ஆயினும் போத்தலில் இருந்த குடிநீரையே ஊற்றிக் கழுவினேன். சூடான உவர்நீரில் விப்ரியோ எனப்படும் பற்றீரியாக்கள் பெருகும். அவற்றுட் சில காயத்தின் வழியே உடலுக்குள் புகுந்து பெருந்தொல்லை தரக்கூடியவை. கடல் சூடேறுவதனால், முன்பு குளிர் காரணமாக அவை அதிகம் தலைகாட்டாத நாடுகளின் கரைகளிலும் இப்போது தென்படுகின்றன.

பெயரைப் பற்றி ஒரு சொல். இங்கே பொதுவாகச் சிப்பி என்கிறார்கள். மட்டி என்பது சேற்றில் புதைந்து வாழ்வதற்கு. தமிழ்நாட்டுக் கரையில் ஆளி என்ற பெயரும் வழங்குகிறது. நான் சிப்பி என்றே எழுதப் போகிறேன். முத்துச் சிப்பி இதற்குத் தூரத்து உறவு மட்டுமே. 1905இல் மன்னார்க் கடலில் ஒரே பருவத்தில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட முத்துச் சிப்பிகளை அள்ளினார்கள் என்பதும், அடுத்த சில ஆண்டுகளிலேயே பார்கள் எனப்படும் அந்தச் சிப்பிப் படுக்கைகள் வெறுமையாகிப்போயின என்பதும் தனிக் கதை.

இரண்டாம் நாள்: அரியாலைக் கண்டல்

காலை ஐந்தரைக்கு வள்ளம். ஓட்டிவந்த அண்ணைக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். இந்தக் கரையில் களங்கட்டி வலை போட்டுப் பிள்ளைகளைப் படிப்பித்தவர். சிப்பியைப் பார்ப்பதற்காக ஒருத்தி மட்டக்களப்பிலிருந்து வந்திருக்கிறாள் என்பதை அவர் முதலில் நம்பவில்லை. "நண்டுக்கு வாறவை, இறாலுக்கு வாறவை. சிப்பிக்கு வந்த முதல் ஆள் நீங்கள்தான் ரீச்சர்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நீலக்கால் நண்டு கிடைக்கும் ஊரில் சிப்பியின் வாயைக் கத்தியால் நெம்பிக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை வரும்?

துடுப்பிலிருந்து பலகையில் தெறித்த நீர், நாங்கள் கண்டலை எட்டுவதற்கு முன்பே காய்ந்து வெண்மையாகப் பூத்துவிட்டது. அவ்வளவு உப்பு. கண்டல் வேர்கள் சேற்றில் கால் ஊன்றி நிற்கும் இடத்தில், வற்று நீரில் இறங்கி, முழங்காலளவு சேற்றில் நின்றபடி ஒரு வேரை முழுதாக எண்ணினேன். 27 சிப்பிகள்; அவற்றில் 9 வெறுங்கோது. உயிரோடு இருந்த பதினெட்டும் வாயை இறுக மூடியிருந்தன. பழைய சேலையொன்றிலிருந்து கிழித்துக் கொண்டுவந்த சிவப்புத் துணியை அடையாளத்துக்காக அந்த வேரின் மேற்பகுதியில் கட்டினேன்.

அந்தப் பதினெட்டும் மூடிக்கொண்டு என்ன செய்கின்றன என்பதே இன்றைய எழுத்து முழுவதும்.

நீருக்குள் இருக்கும்போது சிப்பி வாயைச் சற்றே திறந்து, செவுளால், எங்கள் பாடநூல்களின் மொழியில் பூக்களால், நீரை இழுத்து வடிக்கிறது. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் வாழும் பெரிய சிப்பி ஒன்று நல்ல சூழலில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 லீற்றர் வரை வடிக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மூச்சும் உணவும் அதே நீரோட்டத்தில் வருகின்றன. நீர் வற்றினாலோ, உப்புச் சட்டென்று மாறினாலோ, நஞ்சு கலந்தாலோ, நடுவில் இருக்கும் மூடுதசை சுருங்கிக் கதவைச் சாத்திவிடும். சாத்தியதும் மூச்சும் உணவும் ஒன்றாக நின்றுபோகின்றன. உள்ளே பிடித்து வைத்திருக்கும் சிறிதளவு நீரில் ஒட்சிசன் தீர்ந்ததும், ஒட்சிசன் இல்லாமலே சக்தி பெறும் வழிக்கு உடல் மாறுகிறது. இதயத் துடிப்புத் தணிகிறது. செலவுகள் எல்லாம் குறைக்கப்படுகின்றன. ஆனால் உள்ளே காபனீரொட்சைட்டும் அமிலமும் சேர்ந்துகொண்டே இருக்கும். அதைத் தணிக்க வெளியிலிருந்து எதுவும் வரப்போவதில்லை என்பதனால், சிப்பி தன் ஓட்டின் உட்புறத்தையே கரைத்து அந்தச் சுண்ணாம்பினால் புளிப்பை ஆற்றிக்கொள்கிறது. குடியிருக்கும் வீட்டின் சுவரைச் சுரண்டி மருந்தாக விழுங்குவது போன்றது இது. கதவு எத்தனை மணி நேரம் மூடியிருக்கிறதோ அத்தனைக்கும் சுவர் மெலிகிறது. மறுபடி திறந்து உண்ணும்போதுதான் அந்தக் கடனை அடைக்க முடியும்.

இவ்வளவு நாளும் ஓடு என்றால் கவசம் என்றே வகுப்பில் சொல்லிவந்தேன். சேற்றில் நின்றபோதுதான் அது ஒரு சேமிப்பும்கூட என்பது எனக்கு உறைத்தது.

அடுத்தது வெயில். எட்டு மணிக்கே பிடரி சுட்டது. உடலின் வேலைகளைச் செய்யும் புரதங்கள் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட மடிப்பில் இருந்தால்தான் பயன்படும். சூடு ஏறினால் அந்த மடிப்புக் குலைந்து, ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். குலைந்ததைத் திருத்தி மடிப்பதற்கென்றே வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் என்ற ஒரு கூட்டம் உண்டு. அண்ணை வள்ளத்தின் அணியத்தில் இருந்தபடி, என்னுடைய எண்ணிக்கை முடியும் வரை வலை பொத்திக்கொண்டிருந்தார். கண்ணி அறுந்த இடத்தைக் கையால் தேடிப் பிடித்து, நூலைக் கோத்து, முடிச்சை இறுக்கி, அடுத்த கண்ணிக்குப் போனார். அந்தப் புரதங்களின் வேலையைச் சொல்வதற்கு இதைவிட நல்ல காட்சி எனக்குக் கிடைக்கப்போவதில்லை. பொத்துகிற கைகள் எத்தனை இருக்கின்றன என்பதில்தான் விடயம் இருக்கிறது. பசிபிக் சிப்பியின் பரம்பரையலகுத் தொகுதியைச் சீன விஞ்ஞானிகள் தலைமையிலான குழு 2012இல் வெளியிட்டபோது, இவ்வகைப் புரதங்களில் ஒரு குடும்பத்துக்கு மட்டும் அதில் 88 பரம்பரையலகுகள் இருப்பது தெரியவந்தது. மனிதரிடம் அதே குடும்பத்துக்கு 17 மட்டுமே. கலம் தானே தன்னை அழித்துக்கொள்வதைத் தடுக்கும் பரம்பரையலகுகளும் அதில் நாற்பதுக்கு மேல். கோடை வெயிலில் நீருக்கு வெளியே கிடக்கும் அந்தச் சிப்பி 49 பாகை செல்சியஸ் வரை தாங்கக்கூடியது என்பதும் அதே ஆய்வில் குறிப்பிடப்பட்டிருக்கிறது. நம் கண்டல் வேரில் இருப்பது வேறு இனம், ஆனால் நெருங்கிய உறவு. நீரோடு ஏறி இறங்கும் கரையில் தலைமுறை தலைமுறையாக ஒட்டிக் கிடந்த குலத்துக்கு இப்படியொரு சீதனம் சேர்ந்திருப்பதில் வியப்பில்லை.

ஆனால் வலை பொத்தும் நாளில் அண்ணை கடலுக்குப் போக முடியாது. சிப்பிக்கும் அப்படியே. புரதத்தைத் திருத்துவதில் செலவழிக்கும் சக்தி வளர்ச்சிக்கும் முட்டைக்கும் போக வேண்டிய சக்தி. சூடான நீரில் உடலின் அடிப்படைச் செலவு கூடுகிறது. அதே நீரில் கரைந்திருக்கும் ஒட்சிசனோ குறைகிறது. ஆகவே வெப்பத்தால் சிப்பி உடனே சாவதைவிட, இளைத்துப்போய், முட்டை குறைந்து, நோய்க்கு இடம் கொடுப்பதே வழக்கம். வெறுங்கோதாக இருந்த ஒன்பதில் எத்தனை வெயிலுக்குப் போயின, எத்தனை நத்தைக்குப் போயின என்று பார்த்தேன். மூன்றில் மட்டும் ஊசித்துளை அளவு வட்டத் துவாரம் இருந்தது. அவை நத்தையின் கணக்கு.

மூன்றாம் நாள்: வீட்டுக்குள்

சோழகம் இன்னும் போகவில்லை. காலையிலேயே காற்று எழுந்துவிட்டதால், இன்றைக்கு வள்ளம் இறக்க வேண்டாம் என்று அண்ணை தொலைபேசியில் சொல்லிவிட்டார்.

வீட்டில் இருந்தபடி பள்ளிக்கூடத்துப் பழைய சோதனை ஒன்றைச் செய்தேன். நேற்றுக் கொண்டுவந்த வெறுங்கோதில் ஒரு துண்டை உடைத்து, கண்ணாடிக் குவளையில் போட்டு, வினாகிரியை ஊற்றினேன். ஓட்டின் மேலெல்லாம் சிறு குமிழிகள் பூத்து, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மேலே வந்தன. சமையலறை வாசலில் நின்ற அம்மா, தோழியின் தாய், எழுபத்தெட்டு வயது, சிறிது நேரம் பார்த்துவிட்டு, "சுண்ணாம்பெல்லோ, புளியைக் கண்டா அப்பிடித்தான் பொங்கும்" என்றார். அவர் சிறுமியாக இருந்தபோது ஊரியையும் சிப்பிக் கோதையும் சூளையில் சுட்டு, நீற்றி, வெற்றிலைக்கும் சுவருக்கும் எடுத்தார்களாம். கல்சியம் காபனேற்றைப் பற்றி இனி நான் அவருக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை.

கடல் வினாகிரி ஆகிவிடப் போவதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பத்திரிகைகள் சில வேளை அப்படி அச்சமூட்டுகின்றன. மனிதர் வெளியிடும் காபனீரொட்சைட்டில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைக் கடல் உறிஞ்சிக்கொள்கிறது. கைத்தொழிற் புரட்சிக்கு முன்னர் மேற்பரப்புக் கடல்நீரின் பி.எச். பெறுமானம் சுமார் 8.2 ஆக இருந்தது. இப்போது சுமார் 8.1. எண்ணில் சிறிதாகத் தெரிந்தாலும், அந்த அளவுகோல் மடக்கையில் அமைந்தது என்பதனால், ஐதரசன் அயன்கள் ஏறத்தாழ 30 வீதம் கூடியிருக்கின்றன என்று பொருள். நீர் இன்னும் காரம்தான். ஆனால் கூடுதலாகக் கரைந்த காபனீரொட்சைட்டு, ஓடு கட்டுவதற்கு வேண்டிய காபனேற்று அயன்களைப் பிடித்து வேறொன்றாக்கிவிடுகிறது. கட்டட வேலை நடக்கும் இடத்தில் கல்லையும் மணலையும் யாரோ எடுத்துக்கொண்டு போவதற்கு ஒப்பானது இது. வேலை நின்றுவிடாது, ஒவ்வொரு கல்லையும் தொலைவில் போய்த் தேடிச் சுமந்து வர வேண்டியிருக்கும்.

வளர்ந்த சிப்பிக்கு அந்தக் கூலியைக் கொடுக்க வசதி உண்டு. பிறந்த குஞ்சுக்கு இல்லை, இங்கேதான் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. முட்டையும் விந்தும் நீரில் கலந்து கருவாகி, ஒரு நாள் இரண்டு நாளுக்குள் அது தன் முதல் ஓட்டைக் கட்டி முடித்தாக வேண்டும். அதுவரை உண்பதற்கு உறுப்பும் சரியாக உருவாகியிருக்காது. தாய் முட்டைக்குள் வைத்து அனுப்பிய கொழுப்பே கட்டுச்சோறு. அந்தக் கட்டுச்சோறு தீர்வதற்குள் வீடு எழும்ப வேண்டும். போதாக்குறைக்கு, குஞ்சின் ஓடு கல்சியம் காபனேற்றின் அரகனைற்று என்ற வடிவில் இருக்கிறது. வளர்ந்த சிப்பியின் ஓட்டில் பெரும்பங்கான கல்சைற்றைவிட அது எளிதில் கரையும்.

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலக் கரையில் நெற்றாற்ஸ் என்ற சிறு விரிகுடாவில் இருக்கும் விஸ்கி கிறீக் குஞ்சு பொரிப்பகத்தில், 2007ஆம் ஆண்டை ஒட்டிய பருவங்களில், கோடிக்கணக்கான பசிபிக் சிப்பிக் குஞ்சுகள் செத்தன. முதலில் பற்றீரியாவைச் சந்தேகித்தார்கள். பின்னர் அங்குள்ளவர்களும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து நீரைத் தொடர்ந்து அளந்தபோதுதான் காரணம் புலப்பட்டது: காற்று அடிக்கும் நாட்களில் ஆழத்திலிருந்து மேலெழும் குளிர்ந்த நீரில் காபனீரொட்சைட்டு மிகுந்திருந்தது, குஞ்சுகள் முதல் ஓட்டைக் கட்டும் அந்த ஓரிரு நாளில் அந்த நீர் தொட்டிக்குள் வந்தால் அந்தத் தொகுதியே நலிந்துபோயிற்று. அவர்கள் கண்ட பரிகாரம் ஓர் இல்லத்தரசியின் பரிகாரம் போல எளிமையானது. தொட்டிக்கு வரும் நீரில் சோடியம் காபனேற்று, அதாவது சலவைச் சோடாவின் சரக்கு, கலந்தார்கள். விரிகுடாவிலிருந்து நீரைக் காலையில் எடுக்காமல் பிற்பகலில் எடுத்தார்கள். பகல் வெளிச்சத்தில் கடற்புல் ஒளித்தொகுப்புச் செய்து காபனீரொட்சைட்டை இழுத்துக்கொள்வதனால் பிற்பகல் நீர் குஞ்சுக்கு இதமானது.

கடற்புல் என்று அம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது, "சாதாளையைச் சொல்லுறியோ?" என்று கேட்டார். அதேதான். இந்தப் பரவைக்கடலில் சாதாளை மெத்தை விரித்த இடங்கள் உண்டு. பகலில் அவை செய்யும் வேலைக்கு எவரும் சம்பளம் கொடுப்பதில்லை. என் மதிப்பீட்டில், இன்றைய நிலையில் யாழ்ப்பாணத்துச் சிப்பிக்குப் புளிப்பைவிட வெப்பமும் உப்பின் ஏற்ற இறக்கமுமே பெரிய சோதனை. வெப்பமண்டலக் கடல்நீரில், ஒரிகன் கரையின் குளிர்நீரோடு ஒப்பிடும்போது, ஓடு கட்டும் சரக்கு இன்னும் தாராளமாக இருக்கிறது. ஆனால் பெருமழை அந்தச் சரக்கையும் சேர்த்தே ஐதாக்கும், கண்டல் சேற்றில் மட்கும் இலைகள் அந்த இடத்து நீரைப் புளிப்பாக்கும்.

குவளையில் இருந்த துண்டு மாலைக்குள் விளிம்பு தேய்ந்து, விரலால் நசுக்கினால் பொடியாகும் பதத்துக்கு வந்துவிட்டது.

நான்காம் நாள்: தொண்டைமானாறு

பருத்தித்துறைப் பக்கம் போகும் பேருந்து வழியில் பழுதாகி நின்று, ஒன்றரை மணி நேரம் ஒரு வேப்பமரத்தடியில் கழிந்தது. ஆகவே கடலும் நீரேரியும் சந்திக்கும் அந்த வாயை நான் கண்டபோது நண்பகல். அங்கே கட்டியிருக்கும் கதவுத் தடுப்பின் ஒரு பக்கம் வடகடல். மறுபக்கம் உள்நோக்கி நீண்டு கிடக்கும் வடமராட்சி நீரேரி.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை; குடிப்பதற்கும் தோட்டத்துக்கும், சுண்ணாம்புக்கல்லுக்குள் உவர்நீரின் மேல் மிதக்கும் கிணற்று நீரே கதி. வன்னிப் பக்கத்துக் கனகராயன் ஆறு கொண்டுவரும் வெள்ளத்தை ஆனையிறவு நீரேரியில் தேக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சி நீரேரிக்கும் உப்பாறு நீரேரிக்கும் கொண்டுவந்து, உவர் நீரேரிகளை நன்னீராக்க வேண்டும் என்று பொறியியலாளர் ஆறுமுகம் 1950களில் திட்டம் வகுத்தார். யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்று அது பெயர்பெற்றது. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்புகள் எழுந்தன, திட்டம் முழுமையாகவில்லை. கிணறுகள் உவராகிவரும் ஊரில் நன்னீரைத் தேக்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமையும் இல்லை, விருப்பமும் இல்லை. ஆனால் கதவு திறக்கும் முறையைப் பற்றிச் சிப்பி சார்பில் ஒரு சொல் உண்டு.

சிப்பியின் உடற்கலங்கள் வெளிநீரின் உப்பையே தம் உப்பாகக் கொள்கின்றன. நம் சிறுநீரகத்தைப் போல உப்பைச் சீர்படுத்திக்கொள்ளும் ஏற்பாடு அதற்கு இல்லை. வெளியே உப்புக் கூடினால் கலத்திலிருந்து நீர் வெளியேறிச் சுருங்கும்; குறைந்தால் நீர் புகுந்து வீங்கும். அந்தச் சுருக்கத்தையும் வீக்கத்தையும் தடுக்க, கலத்துக்குள் தோரின், கிளைசின் போன்ற அமினோ அமிலங்களை உப்புக் கூடும்போது சேர்த்தும், குறையும்போது வெளியேற்றியும் அது சமன்செய்கிறது. மாற்றம் நாட்கணக்கில் மெல்ல வந்தால் இந்த ஏற்பாடு அழகாக ஈடுகொடுக்கும். ஓர் இரவில் வந்தால் கதவைச் சாத்துவதைத் தவிர வழியில்லை. சாத்தினால் சுவரைச் சுரண்டும் அந்தப் பழைய கணக்குத் தொடங்கிவிடும். மூடிக்கொண்டு எத்தனை நாள் இருக்கலாம் என்பது நீரின் வெப்பத்தைப் பொறுத்தது. குளிர்ந்த நீரில் வாரக்கணக்கில் தாக்குப்பிடிப்பவை, சூடான நீரில் சக்தி விரைவாகத் தீர்ந்து வெகு சீக்கிரம் தோற்றுவிடும்.

இதற்கு 2019இல் நடந்தது ஒரு சான்று. மிசிசிப்பி ஆற்றில் வெள்ளம் மிகுந்தபோது, நியூ ஓர்லியன்ஸ் நகரைக் காப்பதற்காக பொனே கறே என்ற வெள்ளவாய்க்காலின் கதவுகளை அந்த ஒரே ஆண்டில் இரு தடவை திறந்தார்கள். இரண்டும் சேர்ந்து 123 நாள். நகரம் தப்பியது. வெள்ளம் போய்ச் சேர்ந்த மிசிசிப்பிக் கரைக்கடலில் உப்புக் குறைந்தபடியே கோடை வரை நீடிக்க, அங்கிருந்த சிப்பிப் படுக்கைகளில் பெரும்பாலானவை மாண்டுபோயின. நன்னீர் மட்டும் வந்திருந்தால், அதுவும் சில நாளோடு போயிருந்தால், சிப்பிகள் கதவைச் சாத்திக்கொண்டு பிழைத்திருக்கக்கூடும். நன்னீரும் வெயிலும் ஒன்றாக வந்து, நெடுநாள் நின்றதுதான் கொன்றது.

வடகீழ்ப் பருவமழை குளிர்காலத்தில் வருவது இங்குள்ள சிப்பிக்கு வாய்த்த நல்ல காலம். 2008 கார்த்திகையில் நிஷா புயல் கொட்டித் தீர்த்த மழையில் இந்த நீரேரிகள் என்ன ஆகியிருக்கும் என்று தடுப்பின் மேல் நின்று யோசித்தேன். அது போர்க்காலம், வேரில் ஒட்டிய சிப்பியை எண்ணும் மனம் யாருக்கு இருந்திருக்கும்? சூடேறிய காற்று கூடுதல் ஈரத்தைச் சுமக்கும் என்பதனால், ஒரே மழையில் விழும் அளவு கூடும் என்பது காலநிலை அறிவியலில் உறுதியான செய்தி. ஆகவே கதவுகளைப் பராமரிப்பவர்கள் முதல் மழைக்கே சிறிது சிறிதாகத் திறக்கத் தொடங்கினால், அது வயலுக்கும் தடுப்புக்கும் நல்லது. கீழே கல்லில் ஒட்டியிருப்பவற்றுக்கு உயிர்ப்பிச்சை.

ஐந்தாம் நாள்: குறிகட்டுவானும் மறுபடி அரியாலையும்

நயினாதீவுக்குப் போகும் சனத்தோடு சனமாகக் குறிகட்டுவான் இறங்குதுறை வரை போனேன். எல்லோரும் படகுக்கு விரைய, நான் மட்டும் துறையின் விளிம்பில் குந்தி இருந்து தூணைப் பார்த்துக்கொண்டிருந்ததால், கச்சான் விற்கும் பெண், ஏதும் விழுந்துவிட்டதா அக்கா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

விழவில்லை, ஒட்டியிருக்கிறது என்று காட்டினேன். பெரிய கோது ஒன்றின் முதுகில், சுண்டுவிரல் நகத்தளவு குஞ்சுச் சிப்பிகள் ஏழு. இரண்டு மூன்று வாரம் நீரில் அலைந்த குஞ்சுக்கு, ஒட்டும் பருவம் வந்ததும் ஒரு சோடிக் கண்புள்ளியும் ஒரு சிறு காலும் முளைக்கின்றன. அந்தக் காலால் இடத்தைத் தடவித் தடவிப் பார்த்து, பிடித்த இடத்தில் பசையைச் சுரந்து ஒரே தடவையாக ஒட்டிவிடுகிறது. அதன்பின் கண்ணும் இல்லை, காலும் இல்லை. அது பெரிதும் விரும்பித் தேடுவது தன் இனத்தின் கோதையே. செத்தவற்றின் வீட்டு முதுகில் அடுத்த தலைமுறை வீடு கட்டுகிறது. கோதுகளைச் சூளைக்கும் வீதிக்கும் அள்ளிவிட்டால், குஞ்சுகள் வந்தாலும் இறங்க இடம் இராது. உலகின் சிப்பிப் பார்களில் 85 வீதம் அழிந்துவிட்டதாக 2011இல் வெளிவந்த மதிப்பீடு ஒன்று கூறியது. காலநிலையைவிட அள்ளுதலும் அழுக்குமே அதற்குப் பெரிய காரணங்கள்.

அவுஸ்திரேலியாவின் சிட்னிப் பாறைச் சிப்பியில் நடந்த ஆய்வுகள் இந்தத் தலைமுறைக் கணக்கை மேலும் நுட்பமாகக் காட்டுகின்றன. தாய் தகப்பன் முட்டை விந்து முதிரும் காலத்தில் காபனீரொட்சைட்டு மிகுந்த நீரில் இருந்தால், அவற்றின் குஞ்சுகள் அதேபோன்ற நீரில் மற்றவற்றைவிடப் பெரிதாகவும் விரைவாகவும் வளர்ந்தன. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் மகிழ்வார்கள், நானும் மகிழ்ந்தேன். ஆனால் அதே ஆய்வாளர்கள் பின்னர் புளிப்போடு வெப்பம், உப்புக் குறைவு, உணவுக் குறைவு ஆகியவற்றையும் சேர்த்துச் சோதித்தபோது, பெற்றோரின் அந்தப் பழக்கம் குஞ்சுக்கு உதவாமல், தீமையாகவே முடிந்தது. ஒரு தொல்லைக்குப் பழகியவர் இன்னொரு தொல்லைக்கும் பழகியவராகிவிடுவதில்லை. 2021 ஆனி மாதக் கடைசியில் கனடாவின் மேற்குக் கரையில் அடித்த வெப்ப அலையில், நண்பகல் வற்று நேரத்தில் பாறையில் அகப்பட்ட மட்டிகளும் சிப்பிகளும் பிற கரை உயிர்களுமாக நூறு கோடிக்கு மேல் இறந்திருக்கலாம் என்று அங்குள்ள கடல்வாழ் உயிரியலாளர் கிறிஸ்தோபர் ஹார்லி கணித்தார். 88 பரம்பரையலகு இருந்தும் வற்றும் வெயிலும் ஒரே மணியில் வந்தால் அவ்வளவுதான்.

பிற்பகல் மூன்று மணிக்கு அண்ணை சொன்னபடி அரியாலைக் கரையில் நின்றார். சிவப்புத் துணி கட்டிய வேருக்குப் போனோம். பெருக்கு மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. நீர் முதல் வரிசைச் சிப்பிகளைத் தொட்டு இரண்டு மூன்று நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு சிப்பியின் விளிம்பில் தலைமயிர் அளவு கறுப்புக் கோடு ஒன்று தோன்றியது; அருகே மிதந்த தூசி ஒன்று அந்தக் கோட்டை நோக்கி நகர்ந்து, உள்ளே போய் மறைந்தது. நான் வளைந்து பார்க்க, என் நிழல் அதன் மேல் விழுந்ததும் கோடு அழிந்துவிட்டது. நிழலை நகர்த்திக்கொண்டு காத்திருந்தேன். மறுபடி திறந்தது.

பதினெட்டும் உயிரோடு இருக்கின்றன. மார்கழி விடுமுறையில், மழை ஓய்ந்ததும், இதே வேரை எண்ண வருகிறேன் என்றேன். விறகுக்கு வருகிறவர்கள் இந்தப் பக்கம் கை வைக்காமல் பார்த்துக்கொள்வதாக அண்ணை சொன்னார். பிறகு துணியை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, "உது வாடைக்கு நிக்காது ரீச்சர்" என்று, வலையிலிருந்து ஒரு முழ நைலோன் நூலை அறுத்தெடுத்து, அதன் மேல் இரண்டு முடிச்சுப் போட்டார்.